பழைய ஜன்னலும் தவழும் குழந்தையும்

2025-ல் எங்கள் ஊர் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழசைக் காப்பாற்றணும் என்று எல்லோருக்கும் ஆசை. எங்கள் வீட்டுப் பழசு, மாமனார் காலத்துத் தேக்கு ஜன்னல்கள்தான்! பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது. "கழட்டிப் போட்டுட்டு அலுமினியம் வெச்சுடலாம்மா" என்றார் ஆசாரி. மரமோ கல்லு மாதிரி இருக்கிறது, தூக்கிப் போட மனசு வருமா?

ஆனால் அவர் உப்புத்தாளை எடுத்ததுமே, "கொஞ்சம் இருங்கண்ணே" என்று தடுத்தேன். பழைய பெயின்டில், அதிலும் பளிச்சென்ற மஞ்சள், பச்சையில், ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காய்ந்த பெயின்டைத் தேய்த்தால் தூள் தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆகவே குழந்தையை அத்தை வீட்டில் விட்டோம். ஜன்னல் கதவுகளைக் கழற்றி வெளியே வைத்து, கீழே பாலிதீன் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார் ஆசாரி. அவருக்கும் நல்ல முகமூடி. சுரண்டலை மூட்டை கட்டி அகற்றினோம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தேன். மரம் நன்றாகக் காய்ந்தபின் லின்சீட் ஆயில் இரண்டு முறை. தேக்கின் நிறம் என்னமாய் எழும்பியது!

சகோதரிகளே, பழைய ஜன்னலைத் தாராளமாகப் புதுப்பியுங்கள். ஆனால் வேலை முடியும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஏற்கெனவே தூசி பட்டிருக்குமோ என்று சந்தேகமா? ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும். டாக்டரைக் கேளுங்கள்.