அம்மா தேர்ந்த கத்தி

கத்தி வாங்கப் போன கடையில் விற்பனையாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பாதுகாப்புக்கா?" என்பது. இரண்டாவது கேள்வியை என் கணவரிடம் கேட்டார்: "எவ்வளவு செலவழிக்க நினைக்கிறீர்கள்?" கத்தி எனக்கு. நோர்வேயில் வேட்டைக்குப் போக 30 மணி நேர வகுப்பு முடித்துப் பரீட்சை எழுத வேண்டும், எழுதியவள் நான். என் கணவருக்கு மாம்பழம் வெட்டவே பொறுமை கிடையாது.

ஊதாப் பிடி போட்ட விரல் நீளக் கத்தி ஒன்றைக் காட்டி, "பெண்களுக்கு வசதி" என்றார். பிறகு பத்துக் கருவிகள் உள்ளே மடங்கும் ஒன்றைக் காட்டினார். இரண்டும் எனக்கு உதவாது. நாங்கள் மூன்று பெண்கள், ஃபின்மார்க் மேட்டுநிலத்தில், வீதியிலிருந்து ஒருநாள் நடைதூரத்தில், நான்கு இரவு கூடாரம் போட்டு ரீப்பெ என்னும் பனிக்கௌதாரி வேட்டையாடப் போகிறோம். அங்கே கத்தி உடைந்தால் வேறு வாங்க இடமில்லை. மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. இரத்தமும் இறகும் அதற்குள் சிக்கும். விறைத்த விரலால் திறப்பது கஷ்டம். அழுத்தும்போது பூட்டு விட்டால் அலகு விரலின் மேல் மடங்கும். எனக்கு வேண்டியது மடங்காத ஒற்றை அலகு. ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

வகுப்பில் கூடப் படித்த ஒருத்தி தன் வீட்டிலிருந்த மூன்று கத்திகளை இரவல் தந்தாள். அவற்றைக் குசினி மேசையில் பரப்பி வைத்திருந்தபோதுதான் அம்மா உள்ளே வந்தார்.

அம்மாவோடு நான் இரண்டு மாதமாகச் சரியாகப் பேசவில்லை. காரணம் துவக்கு. அம்மாவின் தங்கை 19 வயதில் இயக்கத்துக்குப் போனவர். துவக்கோடு நிற்கும் ஒரு படம் மட்டும் வந்தது, அவர் வரவில்லை. "உந்தச் சாமானைப் பாக்கக் கூடாதெண்டுதான் இஞ்ச வந்தனான். நீ காசு குடுத்துப் பழகப் போறியோ?" என்று கேட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் கத்தியைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

1988இல் நோர்வே வந்த அம்மா, வடகரையில் ஒரு மீன் ஆலையில் 22 வருடம் வேலை செய்தவர். மெஷின் பிளந்து அனுப்பும் மீன் துண்டை, கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் வைத்து, மிஞ்சிய முள்ளையும் புழுவையும் கத்தி நுனியால் எடுப்பது வேலை. வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அம்மாவின் வலது மணிக்கட்டு இன்றும் இரவில் விறைக்கும். இத்தனை வருடம் கத்தியோடு நின்றவரை, கத்தி தெரிந்தவர் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை, புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் முடிவு செய்து வைத்திருந்தது தடித்த ஒன்றை. அதில் அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை, அதே அகலத்தில் ஓடும். உறுதிக்கு அதுதான் சிறந்தது என்று படித்திருந்தேன். மற்றொன்று, மினுக்கிய பேர்ச் மரப்பிடி போட்ட அழகான கத்தி. மூன்றாவது ரப்பர் பிடி போட்ட, விலை குறைந்த சாதாரணக் கத்தி. பத்து சென்டிமீட்டர் அலகு.

அம்மா மூன்றையும் ஃபிரீசருக்குள் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, என் கையில் பாத்திரம் கழுவும் சோப்பைப் பூசிவிட்டு, "இப்ப பிடி" என்றார்.

பேர்ச் பிடி வழுக்கியது. தடித்த கத்தியில் பிடியின் ஓரங்களில் வெளியே தெரிந்த இரும்பு உள்ளங்கையைச் சுட்டது. ரப்பர் பிடி நின்றது. விரல் முன்னால் வழுக்கி அலகுக்குப் போகாமல் ஒரு மேடும் அதில் இருந்தது.

"அம்மம்மாவின்ர சத்தகம் முழுக்க இரும்பு. ஓலை வார அதுபோல ஒண்டில்லை. ஆனா அது எங்கட வெயிலுக்கு. இஞ்ச குளிர் உள்ள போனா கைக்குப் பிடிச்சது தெரியாது. தெரியாத கைதான் வெட்டுப்படும்."

"விறகு பிளக்க அடிச்சா இது தாங்குமோ?"

"சின்னக் கோடாலி ஒண்டு கொண்டு போ. கத்தியை ஏன் அடிக்கிறாய்?"

கார்பன் உருக்கு சுலபமாகத் தீட்டுப்படும் என்றேன். ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். "நீ துடைக்க மாட்டாய். துருப்பிடிக்காததை வாங்கு" என்றார்.

அதையே வாங்கினேன். காரணமில்லாமல் கத்தியோடு பொது இடத்தில் திரிவது இங்கே குற்றம். வேட்டை ஒரு காரணம். கடைக்காரர் நினைத்த பயம் சட்டத்துக்குக் காரணமாகாது. ஆனால் பெண் கையில் கத்தியைக் கண்டதும் பயம் மட்டும் நினைவுக்கு வருவதென்றால், நாம் வெட்டிய மீனும் காய்கறியும் ஓலையும் யார் கணக்கில்?

செப்டம்பர் 10, ரீப்பெ வேட்டை தொடங்கும் நாள். இரண்டாம் நாள் மழைக்குப் பின் பனி தூறியது. நான் சுட்ட முதல் பறவையைச் சுத்தம் செய்தபோது விரல்களில் உணர்வே இல்லை. பிடி நின்ற இடத்தில் நின்றது. காயமின்றி வந்தேன்.

மூன்று பறவைகளை அம்மா குழம்பு வைத்தார். எப்படிச் சுட்டாய் என்று கேட்கவில்லை. துவக்கு இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருந்தது; அந்த அறைப்பக்கம் அவர் இன்றுவரை போனதில்லை.

சாப்பிட்ட பின் கத்தியைக் கேட்டார். பெருவிரலை அலகுக்குக் குறுக்காக மெல்லத் தடவிப் பார்த்தார்.

"தீட்டேல்லை" என்றார். தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கவிழ்த்து, மினுக்கு இல்லாத அடி விளிம்பில் அலகைச் சாய்த்து வைத்து இழுக்கத் தொடங்கினார்.