வாரின் நுனி

இடுப்பில் கட்டும் தோல்வாரைப் பற்றி எழுதப் புகுந்தால், "ஆசிரியருக்கு எழுத வேறு பொருள் கிடைக்கவில்லையோ?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆசிரியருக்கு அறிவு வளர்கிறதோ இல்லையோ, இடுப்பு வளர்வது உறுதி. அதனைக் கட்டிக் காக்கும் பொறுப்பு அந்த வாருக்கே உரியது. ஆதலின் அதனை அற்பப் பொருள் என்று ஒதுக்குதல் நன்றியாகாது.

நாம் அணிந்திருந்த பெல்ற் கடையில் வாங்கியது. வாங்கியபோது கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. ஆறு மாதத்தில் அதன் நுனி இரண்டாகப் பிளந்தது. மேலே மெல்லிய தோல், கீழே மெல்லிய தோல், நடுவே வெறும் அட்டை! ஒரு நாட் காலை, பிளந்த நுனி காற்சட்டை வளையத்தில் சிக்கிக்கொள்ள, மணியடித்த பின்னரே கல்லூரி வாசலை மிதித்தோம். "உட்துறைமுக வீதியை அடுத்த ஒழுங்கையில், கையாலேயே செய்து தருபவர் ஒருவர் இருக்கிறாரே!" என்றார் நண்பர். அவர் யாரென்பதை நாம் அறிவோம். அறிந்ததனாலேயே அங்குப் போகத் தயங்கினோம்.

அத்தயக்கத்தின் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

அதற்கு ஒரு வாரத்திற்கு முன், உயர்தர வகுப்பில் புறநானூற்றின் 82 ஆம் பாட்டை நடத்தினோம். சாத்தந்தையார் பாடியது. ஊரைக் கொள்ள வந்த மறவனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி செய்த போர் எத்துணை விரைவானது என்பதற்கு அப்புலவர் ஓர் உவமை காட்டுகின்றார். ஊரிலே திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டிலே மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்த வேளையில் கட்டிலுக்குத் தோல்வார் பின்னும் ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடும்! அரசனது போர் அதனினும் விரைந்து முடிந்ததாம்.

அத்தொழிலாளியைக் குறிக்க அப்பாட்டு ஆளும் சொல், அவனை இழிந்தவன் என்று சுட்டுவது. அதனை இங்கே எழுத மனம் வரவில்லை. வகுப்பிலோ நாம் அதனை உரக்கப் படித்தோம், பொருளும் சொன்னோம். பின்வரிசையில் எவனோ ஒருவன் சிரித்தான். நாலைந்து தலைகள் ஒரே பக்கமாகத் திரும்பின. அப்பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவனின் தந்தையார் தோல்வேலை செய்பவர். நாம் அதனைக் கண்டோம். கண்டும் காணாதவர் போல, "இது வினை பற்றி வந்த உவமை" என்று இலக்கணத்திற்குத் தாவினோம். மறுநாள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே.

பெல்ற் வாங்கும் சாக்கில் ஒரு சனிக்கிழமை மாலை அங்குச் சென்றோம். தகரக் கூரை, ஒரு மேசை, சுவரில் வரிசையாகத் தொங்கும் குத்தூசிகளும் கத்திகளும். 1957 இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டு நீங்கும்வரை, அவருடைய பாட்டனார் கடற்படையினரின் சப்பாத்துகளையும் வார்களையும் திருத்திக் கொடுத்தவராம். மேசையின் மறுபுறம் மகன் குனிந்து வேலையில் இருந்தான். நம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

"வாங்கோ சேர். இவன் பள்ளிக்கூடத்தில ஏதும் குழப்படியோ? காய்ச்சல் எண்டு சொல்லி ஒரு கிழமையா வீட்டில நிக்கிறான்" என்றார் தந்தையார்.

"குழப்படி ஒன்றுமில்லை அண்ணை. எனக்கு ஒரு பெல்ற் வேண்டும்" என்றோம். வந்த காரியத்தில் பாதியைத்தான் சொன்னோம் என்பது நமக்கே தெரிந்தது.

அவர் பழைய பெல்ற்றை வாங்கி, நுனியை விரலால் நெருடிப் பார்த்துச் சிரித்தார். "நுனியைப் பாத்தாத் தோலிண்ட தரம் தெரியும் சேர்" என்று கூறி, புதிய தோல் ஒன்றை விரித்தார். மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்காக ஊறிப் பதமான தோல் அது. தமிழகத்தில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடுவது நெடுங்கால வழக்கு. அத்தகைய தோலின் விளிம்பை நீர் தொட்டுத் தேய்த்தால், நார்கள் ஒன்றோடொன்று படிந்து மெருகேறும். குரோமிய உப்பினால் விரைவிற் பதனிட்ட தோல் அவ்வாறு எளிதில் மெருகு கொள்ளாது.

ஒன்றேகால் அங்குல அகலத்தில் வார் அறுக்கப்பட்டது. பக்கிள் மடியும் இடத்திலிருந்து நம் இடுப்பின் அளவுக்கு நடுத்துளை. அதற்கு இருபுறமும் ஓரங்குல இடைவெளியில் இரண்டிரண்டு துளைகள். கடைசித் துளைக்கு அப்பால் நான்கு அங்குலம் விட்டு நுனி. ஆகவே நுனியை வெட்டுவது எல்லாவற்றிற்கும் பிந்திய வேலை. அளவு பிழைத்து வெட்டினால் அறுத்த தோலை மீண்டும் ஒட்ட இயலாது.

"எனக்குக் கண் மங்கல். நுனி வெட்டுறது இப்ப மகன்தான்" என்று வாரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"வேல் போலக் கூராக இருந்தால் அழகல்லவா?" என்று கேட்டோம்.

அப்போதுதான் அவன் வாய் திறந்தான். "கூரில தோல் குறைவு சேர். ஒவ்வொரு நாளும் பக்கிளுக்குள்ள போய் வர, முதல்ல அதுதான் சுருளும். சதுரமா விட்டா மூலை வளையத்தில கொளுவும். வட்டமா எடுத்தா ரெண்டும் வராது."

வகுப்பில் ஒருபோதும் இவ்வளவு தெளிவாக அவன் பேசியதில்லை. அல்லது, பேசும்படி நாம் கேட்டதில்லை.

மேசை அறையிலிருந்து ஒரு செப்புக்காசை எடுத்தான். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த பழைய ஆங்கிலப் பென்னி. கடற்படைக் காலத்தில் பாட்டனார் கைக்கு வந்ததாம். அதன் குறுக்களவு ஏறக்குறைய 31 மில்லிமீற்றர். ஒன்றேகால் அங்குல வாரினும் ஒரு மில்லிமீற்றரே குறைவு. வாரின் நடுவே கோடிட்டு, காசின் மையம் அக்கோட்டில் விழுமாறு வைத்து, அதன் விளிம்பை ஒட்டிக் குத்தூசியால் கீறினான். பின்னர் கத்தியை வளைத்து இழுக்காமல், சிறு சிறு நேர்வெட்டுகளாக மூலைகளைக் கழித்தான். வளைவில் கத்தியை இழுத்தால் தோல் நெளிந்து கோணிவிடுமாம். எஞ்சிய முனைப்புகளை அரத்தாள் தின்றது. மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மெல்லச் சீவப்பட்டன. நீர் தொட்டு, பள்ளம் வெட்டிய மரத்துண்டால் தேய்க்கத் தேய்க்க, நுனி கருமை கலந்த பளபளப்பை அடைந்தது. ஈற்றில் தேன்மெழுகு. தந்தையார் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் இருபுறமும் தடவி, "சரி" என்றார்.

இனியும் நாம் வாய் மூடியிருத்தல் தகாது. வகுப்பில் நடந்ததை, மகன் முன்னிலையிலேயே தந்தையிடம் சொன்னோம். சிரித்தவனைக் கண்டித்திருக்க வேண்டும்; அச்சொல்லைப் பற்றி நின்று பேசியிருக்க வேண்டும்; இரண்டையும் செய்யாமல் விட்டது நம் பிழை என்றோம். அவனிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

சற்று நேரம் அங்கே பேச்சில்லை. தந்தையார் மெழுகுத் துணியை மடித்து வைத்தார். பின்னர், "அந்தப் பாட்டில வாற ஆளுக்குப் பிள்ளை சுகமாப் பிறந்ததோ சேர்?" என்று கேட்டார்.

நாம் திகைத்துப் போனோம். இருபது ஆண்டுகளாக அப்பாட்டை நடத்தி வருகின்றோம். உவமையைக் கேட்டிருக்கின்றோம், அரசன் பெயரைக் கேட்டிருக்கின்றோம், இந்தக் கேள்வியை நாமும் கேட்டதில்லை, நம்மிடம் எவரும் கேட்டதுமில்லை. "பாட்டில் அது சொல்லப்படவில்லை, அண்ணை" என்றோம்.

"பிறந்திருக்கும்" என்றார் அவர். சொன்ன விலையைக் குறைக்காமல் வாங்கி, மீதிப் பணத்தையும் எண்ணித் தந்தார்.

இருட்டியபின் கடற்கரை வழியே வீடு திரும்பினோம். நாம் வணங்கும் கோணேசர் சந்நிதியில் முழங்கும் தவிலின் முகம் தோலால் ஆனது. கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும் கொடுத்த நந்தனாரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய கதையைப் பெரியபுராணத்தில் படித்துக் கண்ணீர் விடுபவர்களும் நாமே. கண்ணீர் விடுவது எளிது. வகுப்பில் ஒரு சிரிப்பைத் தடுப்பதுதான் கடினமாக இருந்தது.

திங்கட்கிழமை அவன் வந்தான். அதே இடத்தில் அமர்ந்தான். நாம் 82 ஆம் பாட்டை மீண்டும் எடுத்தோம். அச்சொல் அக்காலச் சமுதாயத்தின் சொல் என்றும், பிறர் உழைப்பின் மீது வாழ்ந்துகொண்டே உழைத்தவனைத் தாழ்த்திய குற்றம் அதில் உறைந்திருக்கிறது என்றும், அக்குற்றம் அன்றோடு முடிந்துவிடவில்லை என்றும் கூறினோம். சென்ற வாரம் நாம் செய்த பிழையையும் சொன்னோம். வகுப்பு அமைதியாக இருந்தது. பிறகு, மழையிலும் மங்கிய வெளிச்சத்திலும் தோல்வேலை செய்வது ஏன் கடினம் என்று கேட்டோம். சிறிது தயங்கிய பின் அவன் எழுந்து விடை சொன்னான்: நனைந்த வார் இழுத்த இழுப்புக்கு நீளும், காய்ந்தபின் அளவு மாறும், ஆகையால் அவசரத்திலும் கை நிதானம் தவறக்கூடாது. சிரித்தவன் உட்பட அனைவரும் திரும்பி அவனைப் பார்த்தனர். இம்முறை அவன் தலை குனியவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுள் எவருடைய தந்தையார் எத்தொழில் செய்பவராயினும், அத்தொழிலில் உங்கள் ஆசிரியருக்குத் தெரியாத நுட்பம் ஒன்றாவது இருக்கும். அதனைக் கேட்டறிய வேண்டியது எங்கள் கடமை.

அந்த பெல்ற்றைத்தான் இன்றும் அணிந்திருக்கின்றோம். இடுப்பு மேலும் ஒரு துளை நகர்ந்துவிட்டது. நுனி இன்னும் பிளக்கவில்லை.