கட்டு பிரிஞ்சா கொண்டு வாங்க

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேஜை இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் ஒருநாள் பால்கனிக் கதவைச் சாத்த மறந்துவிட்டோம். சாரல் பட்ட இடத்தில் பலகை ஊறிய அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. மேலே ஒட்டியிருந்த தேக்குமர ரேகை அச்சிட்ட தாள் உரிந்து வந்தது. உள்ளே வெறும் மரத்தூள். கழன்ற திருகாணியை மறுபடி முடுக்கப் பார்த்தேன். அது பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை. தெருவிலிருக்கும் தச்சரைக் கூப்பிட்டேன். இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல சார்” என்று சொல்லி, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பழைய சாமான்காரர் எடைக்குக்கூட எடுக்கவில்லை. விறகாக எரிக்கவும் பயம். இந்த மாதிரிப் பலகைகளில் தூளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு மேல், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, மாநகராட்சிக் குப்பைத்தொட்டி ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த சாமானை விசாரித்து வாங்குவது என்று முடிவு. விசாரிக்க ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது. பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொல்வார்கள். மியன்மாரில் 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்நாட்டு அரசின் மர நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. மரம் விற்ற காசு ராணுவத்துக்குப் போகிறது என்பதே காரணம். ரப்பர் மரம் தேவலை. பால் வற்றியபின் இருபத்தைந்து, முப்பது வயதில் எப்படியும் வெட்டப்படுவது. முன்பெல்லாம் அடுப்புக்குத்தான் போகும். காட்டை ஒழுங்காகப் பராமரித்து எடுத்த மரம் என்று சான்று தரும் எஃப்.எஸ்.சி. முத்திரை என்று ஒன்று இருக்கிறது. அந்த முத்திரை உண்டா என்று கடையில் கேட்டேன். “ஐ.எஸ்.ஐ.யைச் சொல்றீங்களா?” என்றார் கடைக்காரர்.

சிதம்பரத்து நண்பர்தான் சொன்னார்: “ஏன்யா இவ்வளவு படிக்கிற? தைக்காலுக்கு ஒருதரம் போயிட்டு வா.”

சிதம்பரத்தில் சீர்காழி பஸ் ஏறி, கொள்ளிடம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தைக்கால். இறங்கும் இடம் தவறாது. சாலையோரம் வரிசையாகப் பிரம்பு ஊஞ்சல்கள் ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். சோபா, மோடா, பூக்கூடை, தொட்டில், கைத்தடி எல்லாம் கடைக்கு வெளியே வெயிலில் கிடக்கும். கோரைப்பாய்க்கும் பேர்போன ஊர் இது. கார்க்காரர்கள் நிறுத்தி, ஊஞ்சலில் உட்கார்ந்து படம் எடுத்து, பேரம் பேசி, ஒரு பூக்கூடையோடு கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் திரிந்தேன்.

ஒரு கடையின் பின்கட்டில் கொட்டகை. தரையில் சாக்கு விரித்து நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், நான் நின்று பார்ப்பதைக் கவனித்து, “உள்ளாற வாங்க சார், ஓரமா நில்லுங்க, நெருப்பு” என்றார்.

அவர் கையில் கட்டைவிரலைவிடத் தடித்த பிரம்பு. சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் வந்து, அதன் முனையில் நீல நாக்கு நீளமாகச் சீறிக்கொண்டிருந்தது. பிரம்பை அதன்மேல் காட்டி உருட்டிக்கொண்டே இருக்கிறார். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். சீக்கிரம் எடுத்தால் முறியும். பக்கத்தில் நட்டிருந்த கட்டையில் ஒரு துளை. சூடேறிய பிரம்பின் முனையை அதில் நுழைத்து, இடுப்பால் தள்ளி, மெதுவாக வளைத்தார். ஒரு சத்தமும் இல்லை. வளைந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்தினார்; புஸ்ஸென்று ஆவி. கையை எடுத்தபோது வளைவு அப்படியே நின்றது. நாற்காலியின் ஒரு கைப்பிடி.

“எப்ப போதும்னு எப்படித் தெரியும்ணே?”

“வாசம் மாறும்” என்றார். நானும் மோந்து பார்த்தேன். கேஸ் வாசம்தான் வந்தது.

இரண்டாவது கைப்பிடியையும் வளைத்து, முதலாவதன் மேல் வைத்துப் பார்த்தார். அளவுகோல் எடுக்கவில்லை. ஒரு விரல்கடை வித்தியாசம். மறுபடி நெருப்பில் காட்டி, முழங்காலில் வைத்து ஒரு அழுத்து. இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பிரம்பு மூங்கிலுக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அது பனை, தென்னை இனம். மூங்கில் உள்ளே கூடு, பிரம்பு உள்ளே கெட்டி. உடம்பெல்லாம் முள்ளோடு, கொக்கிகளால் பெரிய மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும். ஏறுவதற்கு மரம் வேண்டும், அதனால் பிரம்பை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் காட்டை நிற்க விடுவதில் லாபம் உண்டு. சூழலியலாளர்கள் பிரம்புக்குக் கொடி பிடிப்பது இதனால்தான். இதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். “காடு நான் பார்த்ததில்ல சார். லாரியைத்தான் பார்த்திருக்கேன்.”

சரக்கு அசாமிலிருந்து வருகிறது, அந்தமானிலிருந்தும் வருகிறது. தடித்த வகையைக் காட்டி “மலேசியாப் பிரம்பு” என்றார் இன்னொருவர். யார் வெட்டினார்கள், முள்ளுக்கு நடுவே கையை விட்டு இழுத்தவருக்கு என்ன கூலி, எதற்கும் கொட்டகையில் பதில் இல்லை. கட்டுக்கட்டாக வருகிற சரக்கில் வியாபாரியின் பெயரும் எடையும்தான் இருக்கும். அங்கே எனக்கு ஒரு நெருடல். பல பிரம்பு வகைகள் தூர்விட்டு வளரும். ஒரு தண்டை வெட்டினால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். ஆனால் தென்கிழக்காசியாவில் நாற்காலிச் சட்டத்துக்கு என்றே தேடி வெட்டப்படும் மனாவு என்ற தடித்த வகை ஒற்றைத் தண்டு. வெட்டினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. சோபாவின் காலுக்கு நாம் கேட்கிற பருமன் அதில் கிடைக்கிறது. உலகத்துப் பிரம்பில் பெரும்பங்கு விளையும் இந்தோனேசியா, 2012 தொடக்கத்திலிருந்து கச்சாப் பிரம்பை வெளியே விடுவதில்லை. அவர்கள் ஊர் நாற்காலிக்காரர்களுக்கு வேலை வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். நியாயம்தான். தைக்காலில் அந்த நியாயம் விலையேற்றமாக வந்து இறங்கியிருக்கும்.

ஆக, பிரம்பு என்றாலே பசுமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல நான் தயாரில்லை. மெல்லிய பிரம்பில் அடர்த்தியாகச் செய்ததை வாங்கினால் கொஞ்சம் நிம்மதியாக உட்காரலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

கொட்டகையின் இன்னொரு மூலையில் ஒரு அம்மா கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலியின் ஆயுள் வளைவில் இல்லை, கட்டுகளில்தான் இருக்கிறது. இரண்டு தண்டு சேரும் இடத்தில் ஆணி அடிக்கிறார்கள். ஆனால் ஆணி தற்காலிகப் பிடிதான். அதன்மேல் பிரம்புத் தோலை நாராகச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, இழுத்துச் சுற்றுகிறார்கள். ஈர நார் காய்ந்ததும் சுருங்கி இறுகும். அந்த அம்மா ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று சுற்றி, முனையை உள்ளே சொருகி, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூப் வெட்டி மாட்டியிருந்தார். அதற்கு மேலேயும் வெட்டுத் தழும்புகள்.

பக்கத்தில் ஒரு சுருள் பிளாஸ்டிக் பட்டை கிடந்தது. பிரம்பின் நிறம்.

“அது எதுக்கும்மா?”

“அதுவும் கட்டத்தான். நாருன்னா சீவணும், ஊறப்போடணும், நடுவுல அறுந்துபோகும். இது இழுத்த இழுப்புக்கு வரும். பீஸுக்குத்தானே கூலி?”

ஒரு வாக்கியத்தில் கணக்கு முடிந்துவிட்டது. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. நாரால் கட்டினால் உருப்படி குறையும். கடைக்கு முன்னால் நின்று பேரம் பேசுகிறவருக்கு நாரும் பிளாஸ்டிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. வார்னிஷ் அடித்தபின் எனக்கும் தெரிந்திருக்காது. நாம் குறைத்துக் கேட்கிற ஐந்நூறு ரூபாய் அந்தச் சைக்கிள் டியூப் மாட்டிய விரலில் போய்த்தான் நிற்கிறது. வார்னிஷ் அடிக்கும் இளைஞன் மூக்கில் துணிகூடக் கட்டியிருக்கவில்லை. கேட்டதற்கு, “பழகிடுச்சுண்ணே” என்றான்.

இந்த இடத்தில் வேறொரு நாற்காலி ஞாபகம் வந்தது. அரசு அலுவலகங்களில் முன்பு இருந்த, உட்காரும் இடமும் முதுகும் கண் கண்ணாகப் பின்னிய மர நாற்காலிகள். சென்னையில் பார்வையற்றவர்கள் பலருக்கு அந்தப் பின்னல்தான் வேலையாக இருந்தது. கண் எண்ணிக்கை விரலுக்குத் தெரியும். பிறகு பிளாஸ்டிக் ஒயர் வந்தது. ஒயருக்குப் பின்னால் மெத்தை வைத்த சுழல் நாற்காலி. மெத்தை கிழிந்தால் பின்ன ஒன்றுமில்லை, ஏலத்துக்குத்தான் போகும். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கொடுப்பது எப்படி என்று கூட்டம் போட்டுப் பேசுகிற அறைகளில் இப்போது கிடப்பவை அந்தச் சுழல் நாற்காலிகள்தான்.

மதியம் வெயில் ஏறியது. வளைக்கிறவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். அவருடைய அப்பாவும் இதே வேலை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். “மாசச் சம்பளம் சார். மழை பெஞ்சாலும் வரும்.” இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வார்னிஷ் காயாது, பிரம்பில் பூஞ்சை பிடிக்கும், கார்களும் நிற்காது.

நான் வாங்க நினைத்தது மூன்று பேர் உட்காரும் சோபா. கடைசியில் இரண்டு ஒற்றை நாற்காலி சொன்னேன். மெல்லிய பிரம்பு, எல்லாக் கட்டும் நாரில், வார்னிஷ் ஒரு கை மட்டும். கடை முதலாளி நோட்டில் எழுதிக்கொண்டு, நாருக்குத் தனியாக ஒரு தொகை சொன்னார். அது அந்த அம்மாவுக்குப் போகுமா என்று கேட்டேன். ஒரு கணம் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “அவங்ககிட்டயே கேட்டுக்குங்க” என்றார். பணத்தின் அந்தப் பங்கை அவர் எதிரிலேயே அம்மாவின் கையில் கொடுத்தேன். நல்லது செய்தேனா, அவர்களுக்குள் ஒரு சங்கடத்தைக் கிளப்பினேனா என்று பஸ் ஏறும்வரை யோசனையாகவே இருந்தது.

கிளம்பும்போது கேட்டேன்: “எத்தனை வருஷம் வரும்ணே?”

“தண்ணில நனைக்காம இருந்தா உங்க பையன் காலத்துக்கும் வரும். கட்டு பிரிஞ்சா கொண்டு வாங்க, சுத்தித் தரேன்.”

இதுவரை எந்தக் கடையிலும், எந்த உத்தரவாத அட்டையிலும், “கொண்டு வாங்க” என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாற்றித் தருகிறோம் என்பார்கள். மாற்றிக் கொடுத்தபின் பழையது எங்கே போகும் என்பது நமக்குத் தெரியும், அந்தக் குப்பைத்தொட்டி ஓரம்தான்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் லாரியில் நாற்காலிகள் வந்தன. சாக்கைப் பிரித்து வெயிலில் வைத்தேன். லேசாக, கட்டுமஸ்தாக, ஒரு கையால் தூக்கும்படி. கவிழ்த்து ஒவ்வொரு கட்டாகத் தடவிப் பார்த்தேன். நார் கரகரவென்று விரலில் தட்டுப்பட்டது. இரண்டாவது நாற்காலியின் பின்கால், அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு கட்டு மட்டும் வழவழவென்று இருந்தது. நகத்தால் நெம்பினேன். பிளாஸ்டிக்.

போன் போட்டேன். வளைக்கிறவர்தான் எடுத்தார். சொன்னேன். பின்னால் யாரிடமோ கேட்கிற சத்தம். அந்த அம்மா ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

“நாரு தீந்துபோச்சாம் சார், ஒரே ஒரு கட்டுதானேன்னு போட்டுட்டாங்களாம். இந்தப் பக்கம் வரப்ப எடுத்துட்டு வாங்க. பத்து நிமிஷ வேலை.”