திரை இருண்ட நேரங்கள்

நெடுந்தீவில் எங்கள் வாசிகசாலைக்குக் கணினி ஒன்று வந்து சேர்ந்தது 2022-ஆம் ஆண்டின் கடைசியில். அவ்வாண்டு இலங்கையில் புதுக் கணினி வாங்குவது நடுத்தர வகுப்பாருக்கே எட்டாக்கனி. கடலையும் பனையையும் நம்பி வாழும் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தீவிலே பிறந்து கனடாவில் வாழும் அன்பர் ஒருவர் பணம் அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் பழைய பொறி ஒன்றை வாங்கினோம். விண்டோஸின் புதிய பதிப்பைச் சுமக்க அதற்கு வலுவில்லை. பல்கலைக்கழகத்திற் பயிலும் எங்களூர்த் தம்பி ஒருவன் அதில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். கிழட்டுக் குதிரைக்கு இளமை திரும்பினாற்போல் அது ஓடத் தொடங்கிற்று.

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற தகுதியால் அதன் காவல் என் பொறுப்பாயிற்று. மாலையில் பிள்ளைகள் வருவார்கள்; முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பார்ப்பார்கள். அவர்கள் போனபின் நான் உட்காருவேன். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது என்னைப் போன்றோர் இனி ஒருபோதும் காணமாட்டோம் என்று கைவிட்ட ஏடுகள் எத்தனையோ. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் பழைய சஞ்சிகைகளையும் சிறு பிரசுரங்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கடலால் சூழப்பட்ட ஒரு தீவின் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தபடி அவற்றைப் புரட்டுவது எனக்குப் பெரும் பேறாகவே தோன்றியது.

சில மாதங்களில் அயலூரில் ஒரு திருட்டு நடந்தது. நிர்வாகக் குழு அஞ்சிற்று. கணினிப் பெட்டியை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திரையை மட்டும் மேசையில் விட்டோம். இரண்டையும் இணைக்க நீளமான வயர் ஒன்று வாங்கி, சுவரோரமாக மின்கம்பியோடு சேர்த்துக் கட்டினோம். இந்த இடமாற்றத்தை அன்று ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் திரை இருளத் தொடங்கியது. இரண்டு மூன்று வினாடிகள், மீண்டும் ஒளிரும். ஒருநாள் நான்கு தடவை, மறுநாள் ஒன்றுமில்லை. நிரந்தரமாகக் கெட்டுப்போன பொருளைத் திருத்துவது எளிது. வந்து போகும் கோளாறு அப்படியன்று. காட்டலாம் என்று ஆளைக் கூப்பிட்டால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்த மாணவி ஒருத்தி பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப வந்தாள். அது இணையவழி மட்டுமே அனுப்பத்தக்கது. தந்தை இல்லை, தாய் கருவாடு போட்டுப் பிழைப்பவர். எல்லாப் பத்தியையும் நிரப்பி, உறுதிசெய்யும் பொத்தானை அவள் அழுத்திய கணத்தில் திரை இருண்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தவள் அதைத் திரும்பத் தொட மறுத்துவிட்டாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததென்பதை மறுநாள்தான் அறிந்தோம். அந்த ஓர் இரவு அந்த வீட்டில் யாரும் உறங்கவில்லை.

நிர்வாகக் குழு கூடியது. தீர்ப்பு விசாரணைக்கு முன்பே தயாராக இருந்தது.

“சேர், இது ஓசிச் சாமான். ஓசிச் சாமான் உப்பிடித்தான் இருக்கும். விண்டோஸ் போட்டால் எல்லாம் சரிவரும்” என்றார் தலைவர்.

லினக்ஸ் ஓசியில் வந்ததென்பது உண்மை. ஆனால் எப்படி வந்தது? ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவோர் யாராயினும் அதைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்று கூறி, 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை உலகுக்குத் திறந்துவிட்டார். பின்னர் பல நாட்டவரும் அதில் உழைத்தனர். தமிழில் அதன் சொற்களைப் பெயர்த்தவர்களிலும் ஊதியம் வாங்காதோர் பலர். உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து இடம்பெறுபவை யாவும் லினக்ஸில் ஓடுபவை. அன்று கூட்டத்தில் இருந்தோரின் சட்டைப்பைகளிற் கிடந்த ஆண்ட்ராய்டுக் கைபேசிகளின் அடியிலும் அதுவே இருந்தது. சொன்னேன். நம்புவாரில்லை. விலை இல்லாததற்கு மதிப்பும் இல்லை என்று எங்களுக்கு யாரோ நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

எனினும் நான் சந்தேகங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தம்பி கைபேசியில் வழிசொன்னான். முதற் சந்தேகம் மின்சாரம். எங்கள் தீவு நாட்டின் பொது மின்வலையோடு இணையாதது. நெடுங்காலம் டீசல் இயந்திரங்களே எங்களுக்கு ஒளி தந்தன. காற்றும் சூரியனும் மின்கலமும் சேர்ந்த திட்டத்துக்கு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமாக 2024-இல்தான் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆனால் திரை இருளும்போது அதன் சிறு விளக்கு அணையவில்லை. நிறம் மட்டும் மாறியது. மின்சாரம் இருந்தது; படந்தான் வரவில்லை. பாடமொன்று ஓடிக்கொண்டிருக்கையில் இருண்டால் குரல் இடையறாது கேட்டது. ஆகவே கணினியும் உயிரோடிருந்தது. இருண்ட திரைமேல் ரோச் விளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். பின்னொளி மட்டும் செத்திருந்தால் படம் மங்கலாகத் தெரியும். தெரியவில்லை. சும்மா இருந்தால் திரையை அணைக்கும் சிக்கன ஏற்பாட்டை நிறுத்தினேன். பழைய கருநிரலுக்கு மாறிப் பார்த்தேன். அதே நீளத்தில் வேறு வயர் வாங்கி மாட்டினேன். பயனில்லை.

முடிவில் தலைவரின் தீர்ப்பு நிறைவேற்றப்பட்டது. கணினியையும் திரையையும் பொலித்தீனிற் சுற்றி, அதன்மேல் சாரம் சுற்றி, வள்ளத்தில் ஏற்றினோம். குறிகட்டுவானுக்கு ஒரு மணிநேரக் கடல். அப்பால் புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணத்துக்கு பஸ். நகரத்துக் கடையொன்றில் அவர்கள் தங்கள் மேசையிலே தங்கள் வயரில் அதை மாட்டி நாள் முழுதும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒருமுறையும் இருளவில்லை. “லினக்ஸ்தான் பிழை” என்று சொல்லி விண்டோஸின் பழைய பதிப்பொன்றை ஏற்றிப் பணம் வாங்கினார்கள். அதன் உரிமத்தைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஊர் திரும்பி அலுமாரியில் வைத்துப் பூட்டிய இரண்டாம் நாள் விண்டோஸும் இருண்டது.

தலைவர் ஒன்றும் பேசவில்லை. தம்பி வந்து மீண்டும் லினக்ஸை ஏற்றினான். எக்ஸோர்க் என்னும் காட்சி நிரல் எழுதிவரும் பதிவேட்டை எப்படித் திறப்பதென்று காட்டிக்கொடுத்துப் போனான். திரை தொடர்பை இழந்து மீளும் வேளையில் அதன் பெயரும் அளவும் அப்பதிவேட்டில் புதிதாகப் பதிவாகும். நேரம் மணிக்கணக்கில் இராது. பொறி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த வினாடிகளாக இருக்கும்.

விண்ணப்பம் அனுப்பிய அதே பிள்ளையை அழைத்தேன். பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தாள். ஒரு கொப்பியைக் கொடுத்து, திரை இருளும் நேரத்தையும் அவ்வேளை சுற்றுவட்டாரத்தில் என்ன நடந்ததென்பதையும் எழுதச் சொன்னேன். எதையும் விடாதே என்றேன். விடவில்லை. பஸ் போனது, மின்விசிறி போட்டது, மழை தூறியது, பக்கத்து வளவில் மோட்டர் போட்டது என்று நிரல் நிரலாக எழுதினாள். மாலையிற் பதிவேட்டை வைத்துக் கணக்குப் பார்த்தாள். பொறி தொடங்கியது 3.05-க்கு, பதிவேட்டில் 2,160 வினாடி, அதாவது 36 நிமிடம், 3.41. கொப்பியிலும் 3.41. பத்து நாளில் பதினேழு தடவை. பதினான்கு வரிகளில் மோட்டர் என்ற சொல் இருந்தது. மிஞ்சிய மூன்றைப் பார்த்துக் குழம்பியிருந்தபோது அவளே சொன்னாள்:

“சேர், போடேக்கை மட்டுமில்லை. நிப்பாட்டேக்கையும் இருளுது.”

பழைய வானொலியை நினைவுள்ளவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மின்னல் வெட்டினால் அது கரகரக்கும். மோட்டரின் தேய்ந்த ஆளியில் பொறி பறக்கும்போதும் அப்படியோர் அதிர்ச்சி பிறக்கிறது. மின்கம்பியோடு கட்டப்பட்ட எங்கள் நீண்ட மெல்லிய வயர் அதை ஏரியல்போல வாங்கிக்கொண்டது. அவ்வயரிற் படம் கோடிக்கணக்கான சிறு துடிப்புகளாகச் செல்கிறது. அவை குலைந்ததும் திரை கைவிட்டு, பெட்டியோடு மறுபடி அறிமுகம் செய்துகொள்கிறது. அதற்குத்தான் அந்த இரண்டு மூன்று வினாடி. நகரத்துக் கடையில் எங்கள் வயரும் இல்லை, மோட்டரும் இல்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த மோட்டர் இருந்தது பக்கத்து வளவு ஆச்சியின் கிணற்றில். உவர்நீர் மலிந்த எங்கள் தீவில் அது ஓரளவு நல்ல தண்ணீர்க் கிணறு. அயலில் உள்ள குடும்பங்கள் கான்களோடு அங்கேதான் வரும். வாசிகசாலைத் தொட்டிக்கும் அதே நீர்; அதனால் மோட்டருக்கு மின்சாரம் எங்கள் கட்டடத்துப் பலகையிலிருந்தே போயிற்று. குழு மறுபடி கூடி, மாலை நான்கு முதல் ஏழு வரை மோட்டர் போடலாகாது என்று தீர்மானித்தது. அதற்குக் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன். தீர்மானத்தை அறிவிக்கப் போனவனும் நானே.

“பிள்ளையள் படிக்கட்டும் வாத்தியார். தண்ணி குடியாமல் படிப்பினமோ?” என்றார் ஆச்சி. பிறகு, “என்ரை கை உதறுதெண்டு மூண்டு தரம் வந்து சொன்னனான். அதுக்கு ஒரு கூட்டம் வைக்கேல்லை” என்றார்.

அப்பொழுதுதான் கவனித்தேன். அவர் பலகைத் துண்டொன்றின்மேல் நின்று, காய்ந்த பனைமட்டையால் ஆளியைத் தட்டினார். அதை நான் பல மாதங்களாகக் கண்டிருக்கிறேன். கிழவியின் விசித்திரம் என்று சிரித்துமிருக்கிறேன். மோட்டரின் உடலில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. பாதுகாப்புக்கான ட்ரிப் ஆளி 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும். அதற்கு மிகக் குறைந்தது விழாது, ஆளைத்தான் உதறும். உடல் ஈரமாக இருக்கும் ஒருநாளில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவே நடுங்குகிறது.

ஆச்சி வாசிகசாலைக்கு வந்து கொப்பியைப் பார்க்கக் கேட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாது. பிள்ளை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள்.

“என்ரை கை உதறின நேரமெல்லாம் இதுக்கை கிடக்கு” என்றார்.

உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்கப்பட்டார். கட்டடத்து எர்த் கம்பியைத் தோண்டினார். எங்கள் வேலிகளே பவளப் பாறைக் கற்களால் அடுக்கப்பட்டவை, நிலத்தடியும் அதுவே. முன்பு வயரிங் செய்தவர், கோல் இரண்டடியிற் பாறையில் முட்டியதும் மிச்சத்தை வெட்டி, மேலே சீமெந்து பூசிவிட்டிருந்தார். இணைத்த வயரும் உப்புக்காற்றிற் பச்சை பூத்து அற்றுப்போயிருந்தது. புதிய கோலைக் கிணற்றுக் கழிவுநீர் ஓடும் ஈரநிலத்தில் ஆழமாக இறக்கினார். அதைத் தொடுத்து மோட்டரைப் போட்டதும் ட்ரிப் ஆளி விழுந்தது. அத்தனை மாதக் கசிவுக்கு அன்றுதான் ஆச்சியின் கையைத் தவிர வேறு வழி கிடைத்தது.

சுருளைத் திருத்த மோட்டர் வள்ளமேறிற்று. ஒன்பது நாள் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளினோம், தலைவரும் அள்ளினார். மோட்டர் திரும்பி வந்ததும் அதற்குப் புது ஆளி பூட்டினோம். கணினிப் பெட்டியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசைக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டி, குறுகிய தடித்த வயரால் திரையோடு இணைத்தோம். ஆச்சி இன்னும் பனைமட்டையாற்றான் ஆளியைப் போடுகிறார்.

கொப்பி லாச்சியில் இருக்கிறது. மோட்டர் ஓடாத வேளையில் திரை ஒருமுறை இருண்டதாகச் சிறுவன் ஒருவன் பின்னர் அதில் எழுதியிருக்கிறான். நேரத்தைக் குறிக்க மறந்துவிட்டான்.