தாத்தாவின் தோல் உறை

விதைநெல் மூட்டை வைக்கப் பரணை ஒழிச்சப்போ தாத்தாவோட பழைய தோல் உறை கிடைச்சுது. ரிவால்வர் வைக்கிற உறை. துப்பாக்கி எங்க வீட்டுல இருந்ததே இல்லை. பேனாக்கத்தியும் சாவிக்கொத்தும்தான் அதுல கிடக்கும்.

"குரோம்பேட்டை தோல் கம்பெனியில தாத்தா கையால தைச்சது" என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 1912-ல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி அது. குரோம்பேட்டைங்கிற பேரே அதுலேர்ந்து வந்ததுதான்.

இந்த மாதிரி உறையை அடையாளம் காண முத்திரையைப் பார்க்கணும். எண்ணெய் தடவக் கூடாது. மூடியின் உள்பக்கம், பெல்ட் நுழையும் பட்டைக்குப் பின்னால, மொபைல் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா அழிஞ்ச எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். அகலமான அம்புக்குறி இருந்தா பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. கூடவே 'ஐ' எழுத்து இருந்தா இந்தியா. 'சி' எழுத்துக்குள்ள அம்பு இருந்தா கனடா.

எங்க உறையில அம்பும் 'ஐ'யும் இருந்துச்சு. கீழே 1942. பக்கத்துல பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கான்பூர். ராணுவத்துக்குச் சேணமும் உறையும் செஞ்ச ஊர்.

தோலின் வெட்டு ஓரத்தையும் பார்த்தேன். குரோமில் பதப்படுத்தின தோல்னா உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். இது உள்வரைக்கும் பழுப்பு. பட்டைச்சாற்றில் பதப்படுத்தினது. நம்ம பக்கம் அதுக்கு ஆவாரம்பட்டை, கான்பூரில் கருவேலம்பட்டை.

சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பாவுக்கு எண்பது வயசு. கடைசியில, "இது கான்பூர்ல செஞ்சதுப்பா" என்றேன்.

அவர் உறையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டார்.

"தைச்சாருன்னு அவரு சொல்லலடா. நான்தான் சொன்னேன். இதைப் பழைய சாமான் கடையில வாங்கிட்டு வந்தாரு. கம்பெனியில அவருக்குத் தொட்டியில ஊறுன தோலை இழுத்துப் போடுற வேலை. வீட்டுக்கு வந்து எவ்வளவு குளிச்சாலும் நாத்தம் போகாது. பள்ளிக்கூடத்துல பசங்க மூக்கைப் பொத்துவானுங்க. அதான், எங்கப்பா துப்பாக்கி உறை தைக்கிறாருன்னு சொல்லிக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த நாத்தத்துலதான்டா இந்த ஒன்றரை ஏக்கரு வாங்கினாரு" என்றார்.

உறையை மறுபடி பரண்ல போடல. கூடத்து ஆணியில மாட்டியிருக்கேன். யாராவது கேட்டா, கான்பூர்ல செஞ்சதுன்னுதான் சொல்றேன். தாத்தா என்ன வேலை செஞ்சாருன்னும் சேர்த்துச் சொல்றேன்.