ஆறு வழியான கதை

'ஆறு' என்னும் சொல் நதியையும் வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை நூல்களைப் பாடஞ்சொல்லும்போது இவ்விரு பொருளையும் மாணாக்கர்க்கு விளக்குவது என் வழக்கம். அவ்வேளைகளில் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரம் என் நினைவுக்கு வரும்.

1238இல் அரகான் மன்னர் வசமாகுமுன் முஸ்லிம்கள் 'பலன்சிய்யா' என வழங்கிய நகரம் அது. அதன் துரியா ஆற்றுக்குக் 'குவாதலாவியர்' என்றும் ஒரு பெயருண்டு. வெண்ணிற ஆறு எனப் பொருள்படும் 'வாதி அல் அப்யள்' என்ற அரபுத் தொடரின் திரிபே அது.

1957 அக்டோபரில் அந்த ஆறு பெருக்கெடுத்து 80க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பின்னர் நகருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பினர். வறண்ட பழம்படுகையில் நெடுஞ்சாலை அமைக்க ஆட்சியாளர் திட்டமிட்டனர். 'படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும்' என மக்கள் முழங்கினர். 1976இல் படுகை நகருக்கே உரிமையாயிற்று. 1980களில் பூங்கா பகுதி பகுதியாக உருப்பெற்றது. இன்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்திற்குப் பழைய பாலங்களின் அடியே அது நகரின் பேட்டைகளை இணைத்துச் செல்கிறது. செல்வரும் வறியவரும் அங்கே ஒருங்கே நடக்கின்றனர். நதியான ஆறு வழியான ஆறாயிற்று!

எனினும், 2024 அக்டோபர் 29 பெருவெள்ளத்தில் புதிய கால்வாய் நகரின் நடுப்பகுதியைக் காத்தது. போயோ ஓடை பெருகித் தெற்கேயுள்ள ஊர்கள் மூழ்கின. அம்மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் ஊர் ஆற்றங்கரைகளைச் சீர்செய்ய முனையும் இளைஞர்கள், மனிதர் நடக்கும் வழியோடு நீர் நடக்கும் வழியையும், நம் நலத்தோடு அண்டை ஊராரின் நலத்தையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.