கடலில்லாத ஊரில் ஒரு கடல் தொட்டி

வீட்டுக்கு வருகிறவர்கள் கூடத்தில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "உப்புத் தண்ணியா சார்? கடல்லேருந்தா கொண்டாந்தீங்க?" என்பது முதலாவது. "எவ்வளவு ஆச்சு?" என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு, ஓரளவு ஓடிய பழைய பைக் ஒன்றின் விலை என்று சொல்லிவிடுவேன். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம். அதை எழுதி வைத்துவிட்டால் இனி வருகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம் என்பதால் இந்தப் பதிவு.

தருமபுரியிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதானாலும் சாலை வழியாக ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டராவது போக வேண்டும். அங்கிருந்து யார் தண்ணீர் சுமப்பது? தொட்டியில் இருப்பது நம் ஊர்த் தண்ணீர். உப்பு மட்டும் வாளியில் அடைத்து விற்பதை வாங்கியது. சாப்பாட்டு உப்பு போட்டால் ஆகாது. கடல் நீரில் சோடியத்தோடு மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் ஒரு கணக்கில் கலந்திருக்கின்றன. லிட்டருக்குச் சுமார் 35 கிராம். என் தொட்டியில் நிற்கும் தண்ணீர் 200 லிட்டர், ஆக உப்பு 7 கிலோ.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், பழைய பிழைப்புதான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி, மொரப்பூர் என்று சுற்று வட்டாரமெல்லாம் இருந்து பாட்டில்கள் வரும். கழுத்தில் சீட்டு கட்டியிருக்கும். நம் மாவட்டத்துத் தண்ணீரில் எல்லோருக்கும் தெரிந்த வில்லன் புளோரைடு. அதைப் பார்க்க ஒரு சிவப்புச் சாயம் ஊற்றுவோம். தண்ணீரில் புளோரைடு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குச் சாயம் வெளுக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இரண்டு, மூன்று என்று வந்த ஆழ்துளைக் கிணறுகள் எத்தனையோ. "குடிக்க உகந்ததல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். அந்த ஊருக்கு அது ஒன்றுதான் தண்ணீர் என்பதும் எனக்குத் தெரியும். பிறகு ஏதாவது கல்யாணத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லில் பழுப்புக் கோடு தெரியும். பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், ஏறிய கறை அது. பிறகு எந்தப் பற்பொடி போட்டாலும் போகாது.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் குழாயில் ஏறிய பிறகு நிலைமை நிறைய மாறியது. அதற்கு முன்னால் பல வருடங்கள் என் வேலை எண்களை எழுதுவது மட்டும்தான். எண்ணை மாற்றுவது என் கையில் இல்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் கை சும்மா இருக்க மறுத்தது. சோதனைக் குழாயைப் பிடித்துப் பழகிய கை. கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கு ஒரு முறை போயிருந்தபோது, கடல் மீன் தொட்டிக்கு வாரம் ஒரு தடவை தண்ணீர் பரிசோதிக்க வேண்டும் என்று கடைக்காரர் அதை ஒரு தொல்லையாகச் சொன்னார். எனக்கு அதுதான் ஆசையைக் கிளப்பியது. வீட்டில் சொன்னதும், "ஏங்க, முப்பது வருஷம் தண்ணி பாத்தது பத்தலையா?" என்றாள் என் மனைவி. ஆனால் தொட்டி வைக்கக் கூடத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் அவள்தான்.

முதல் வேலை தண்ணீரைச் சுத்தம் செய்வது. நம் ஊர்க் கிணற்று நீரை அப்படியே ஊற்றி உப்புக் கலந்தால் அதிலுள்ள கடினத்தன்மை, நைட்ரேட், புளோரைடு எல்லாம் மேலே சேர்ந்துகொள்ளும். ஒரு வேடிக்கை சொல்கிறேன். கடல் நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்குப் புளோரைடு உண்டு. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதைவிடக் கூடுதல். கடலைவிட அதிகப் புளோரைடு உள்ள நீரை நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறார்கள் என்பதை இந்தத் தொட்டி வைத்த பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீரும் உப்பும் தயாரானதும் மீன் விட்டுவிட முடியாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது அளவோடு இருந்தால் தாங்கலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டிதான். வருகிறவர்கள், "மீன் எங்க சார்?" என்பார்கள். "வரும், வீடு கட்டிக்கிட்டிருக்கு" என்பேன்.

பவளப்பாறைத் தொட்டி என்று பெயரே தவிர என் தொட்டியில் பவளம் கிடையாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான இடத்தில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் இருந்தன. ஒரு காலத்தில் அங்கே சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். தீவுகளைச் சுற்றியிருந்த அரண் தேய்ந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. மிச்சமிருப்பதையும் கடல் சூடாகும் வருடங்களில் வெளுப்பு நோய் தாக்குகிறது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கூடத்தில் வைக்க மனம் வரவில்லை. செயற்கைக் கல்லை அடுக்கினேன். ஆறு வருடத்தில் அதன்மேல் ஊதாவும் பச்சையுமாகப் பாசி படிந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

மீன்களில் நான் தேர்ந்தெடுத்தது ராஸ் வகை. கிளிமீனுக்கு நெருங்கிய சொந்தம். மஞ்சள் ராஸ் இரண்டு, உடம்பில் நீளவாக்கில் ஆறு கோடு போட்ட சின்ன ராஸ் ஒன்று. இந்த இனத்தில் பலவற்றுக்கு ஒரு விசேஷம் உண்டு. கூட்டத்தின் ஆண் செத்துப்போனால் பெரிய பெண் மீன் ஆணாக மாறிவிடும்.

மஞ்சள் ராஸுக்கு இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, இரண்டு மூன்று அங்குலத்துக்கு நுண்மணல். இரவில் அது மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். வாங்கி வந்து விட்டதும் நேராக மணலுக்குள் போய் ஐந்து நாள் தலை காட்டவில்லை. "செத்துப்போச்சு போல, தோண்டிப் பாருங்க" என்று வீட்டில் ஒரே பாடு. புது இடத்தில் ராஸ் அப்படித்தான் இருக்கும், தோண்டக் கூடாது. ஆறாம் நாள் காலை தானாக வந்து மேய்ந்தது. இரண்டாவது, மேலே வலை மூடி. ராஸ் துள்ளும் மீன். கொசுவலை அடிக்கிறவரிடம் அலுமினியச் சட்டத்தில் வலை போட்டு வாங்கினேன். விரல் நுழையும் இடைவெளிகூட விடவில்லை.

அந்த மஞ்சள் மீன்கள் சாயங்காலம் ஆறு மணிவாக்கில், விளக்கு அணைவதற்கு முன்பே மணலுக்குள் போய்விடும். "மீன் படுத்துருச்சு, விளக்கேத்தணும்" என்று என் மனைவி எழுந்திருப்பாள். ஆறு கோட்டு மீன் கல் இடுக்கில் தன் உடம்பிலிருந்து சுரக்கும் வழவழப்பான உறைக்குள் படுக்கும், கொசுவலை கட்டிக்கொண்ட மாதிரி.

கடைக்காரர் துப்புரவு ராஸ் ஒன்றையும் தருவதாகச் சொன்னார். நீல உடம்பில் கறுப்புப் பட்டை, நல்ல அழகு. கடலில் அதன் தொழில் மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பது. ஒரு மீன் ஒரு நாளைக்கு 1,200 ஒட்டுண்ணி வரை தின்னும் என்று ஆஸ்திரேலியாவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். அங்கேயே லிசார்ட் தீவில் சில பாறைத் திட்டுகளிலிருந்து இவற்றை எட்டரை வருடம் அகற்றியே வைத்துப் பார்த்தார்கள். அங்கே குடியிருந்த மற்ற மீன்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்து போயின. ஜப்பானில் நடந்த சோதனையில் இந்தச் சின்ன மீன் கண்ணாடியில் தன் உடம்பில் உள்ள புள்ளியைப் பார்த்து அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்ததாம். 2019-ல் அது வெளியானது. மூன்று மீன் உள்ள தொட்டியில் அதற்கு ஏது ஒட்டுண்ணி? பெரும்பாலும் பட்டினியில் இளைத்துச் சாகும். கடலிலும் ஓர் இடம் காலியாகும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றாட வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளும் விட முடியாது. காலையும் மாலையும் உறைய வைத்த சின்ன இறால் கொஞ்சம். சித்திரை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடாமல் இருக்க மேலே சின்ன ஃபேன். அது ஓடினால் தண்ணீர் ஆவியாகும், நாளுக்கு மூன்று லிட்டர் வரை குறையும். மார்கழியில் ஹீட்டர். மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரில் அலை மோட்டாருக்கும் காற்று மோட்டாருக்கும் மட்டும் தனி இணைப்பு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை 20 லிட்டர் தண்ணீர் மாற்று.

இந்த ஆவியாகிற விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தொட்டியில் குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. அதனால் மேலே ஊற்றுவது வெறும் சுத்த நீர். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் செறிவு ஏறி மீன் சாகும். அடுப்பிலும் இதே கதைதான். "தண்ணியக் காய்ச்சிக் குடிக்கிறோம் சார், புளோரைடு போயிடும்" என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தபோது புரியாத இது, தொட்டியின் பக்கத்தில் நிறுத்திச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் வெளிப்படையாகவே கேட்டார்: "மனுஷன் குடிக்கவே கஷ்டப்பட்ட ஊரு இது. மீனுக்கு ஃபில்டர் தண்ணியா?" நியாயமான கேள்வி. நோட்டை எடுத்துக் காட்டினேன். தண்ணீர் மாற்றுவதும் ஆவியாவதும் சேர்த்து மாதத்துக்குச் சுமார் 130 லிட்டர், அதாவது நாளுக்கு நாலரை லிட்டர். ஆனால் அதைத் தயாரிக்க ஆர்.ஓ. கருவி இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை வெளியே தள்ளும். அதை மறைக்கக் கூடாது. அந்தக் கழிவு நீரில் புளோரைடும் உப்பும் இன்னும் அதிகம், ஆகவே மாட்டுக்கு வைக்க மாட்டோம், கீரைப் பாத்திக்கும் விட மாட்டோம். தரை துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவ. அந்த வேலைகளுக்கு வேறு தண்ணீர் எடுப்பதில்லை. அவர் முழுக்கச் சமாதானம் ஆனாரா தெரியவில்லை. ஆனால் மறுநாள் தன் வீட்டு ஆர்.ஓ. கழிவுக் குழாயின் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்.

ஞாயிறு மாலை சோதனைக் குழாய்களை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அமோனியா, நைட்ரேட், காரத்தன்மை, உப்புச்செறிவு. நைட்ரேட் ஏறியிருந்தால் அன்றே இருபது லிட்டர் மாற்றுவேன். அடுத்த ஞாயிறு எண் இறங்கியிருக்கும். இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைக்காதது அது. எழுதிய எண்ணை நானே திருத்த முடிகிறது.

எனக்கு 66 நடக்கிறது. போன வருடம் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போனபோது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். "உங்களால முடியாமப் போனா இதுங்கள யாரு பாப்பா?" என்று மனைவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். கடை மீன் என்றாலும் ராஸ்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவையே. என் ஆசைக்காக நம் ஊருக்கு வந்தவை. பக்கத்துத் தெருவில் கல்லூரியில் வேதியியல் படிக்கும் பையன் இப்போது ஞாயிறுதோறும் வருகிறான். "ஐயா, நான் எடுக்கிறேன்" என்று வாளியை வாங்கிக்கொள்வான். சோதனையும் அவனே செய்கிறான், நான் நோட்டில் எழுதுகிறேன். எந்தப் பெருக்கான், எந்த மோட்டார், மின்சாரம் போனால் முதலில் என்ன என்று ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். இனி புது மீன் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். இருக்கிற மூன்றும் தம் காலம் முடித்த பிறகு தொட்டியும் கல்லும் அந்தப் பையனுக்கு. சம்மதம் கேட்டுவிட்டேன்.

படித்துவிட்டு யாருக்காவது ஆசை வந்தால் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது ஒரு பாட்டிலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரும் கொண்டு வாருங்கள். மீனைப் பற்றி மூன்றாவது மாதம் பேசலாம்.